இயற்கையும் உடைமையும்: ஆங்கில நிலக்காட்சிப் பூங்காவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஐரோப்பியக் கலையுலகுக்கு வழங்கிய கொடைகளுள் முதன்மையானது நிலக்காட்சிப் பூங்கா என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் கருத்தாகும். ஓவியத்தில் இத்தாலியருக்கும் ஒல்லாந்தருக்கும், கட்டடக் கலையில் பல்லாடியோவுக்கும் கடன்பட்டிருந்த ஆங்கிலேயர், பூங்காக் கலையில் மட்டும் பிற நாட்டவர் தம்மைப் பின்பற்றுமாறு செய்தனர். நேர்கோட்டுப் பாதைகளும் கத்தரித்து உருவமைத்த செடிகளும் அப்பூங்காவில் இல்லை. புல்வெளி மெல்ல ஏறி இறங்கிச் செல்லும். ஆங்காங்கே மரக்கூட்டங்கள் நிற்கும். ஏரியொன்று வளைந்து சென்று மரங்களிடையே மறையும். மனிதக் கை பட்டதன் அடையாளமே அங்குத் தென்படாது.

அவ்வடையாளம் தென்படாதவாறு செய்யப்பட்டது எங்ஙனம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். இப்பூங்காவின் வரலாற்றை இயற்கை மீது எழுந்த காதலின் வரலாறாகவும், ஆங்கிலேயரது சுதந்திர உணர்வின் வரலாறாகவும் கூறுவது மரபு. அம்மரபில் உண்மை உண்டு. ஆயின் அது பாதி உண்மையே. நிலவுடைமையின் வரலாற்றை உடன்வைத்து நோக்கும்போதே மறுபாதி புலனாகும்.

வேர்செயில்சுக்கு எதிராக

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரச மாளிகைகள் அனைத்துக்கும் முன்மாதிரியாக விளங்கியது வேர்செயில்ஸ் ஆகும். பதினான்காம் லூயி மன்னனுக்காக ஆந்திரே லு நோத்ர் அமைத்த அப்பூங்காவில் அரண்மனையிலிருந்து புறப்படும் பெருவழிகள் அடிவானம் வரை நேராகச் செல்லும். மரஞ்செடிகள் கூம்பும் கோளமுமாக வெட்டப்பட்டிருக்கும். மன்னனது ஆணை இயற்கையின் மீதும் செல்லும் என்பதே அவ்வமைப்பு உணர்த்திய பொருள்.

இங்கிலாந்திலோ 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் மன்னனது அதிகாரம் பாராளுமன்றத்தால் வரையறுக்கப்பட்டது. அப்பாராளுமன்றத்தில் ஆதிக்கம் பெற்ற விக் கட்சிப் பிரபுக்கள் தம்மைச் சுதந்திரத்தின் காவலராகக் கருதினர். பிரான்சு அவர்களுக்குப் போர்க்களத்தில் மட்டுமன்றிக் கருத்துலகிலும் எதிரியாயிற்று. கத்தரிக்கப்பட்ட செடி கொடுங்கோன்மையின் சின்னமாகவும், தன்போக்கில் வளரும் மரம் சுதந்திரத்தின் சின்னமாகவும் பொருள் கொள்ளப்பட்டமை இப்பின்னணியிலேயாகும்.

இம்மாற்றத்தைச் செயலில் காட்டியவர்களுக்கு முன்னரே எழுத்தில் காட்டியவர்கள் தோன்றிவிட்டனர். 1685இல் எழுதிய கட்டுரையொன்றில் வில்லியம் டெம்பிள், சீனர் ஒழுங்கு புலப்படாதவாறு நட்டு அழகு காணும் முறையைக் குறிப்பிட்டார். அது கைவருதல் அரிதாகையால் தம் நாட்டவர் அதனை முயலாதிருப்பதே நன்று என்றும் அறிவுரை கூறினார். ஜோசப் அடிசன் 1712இல் 'ஸ்பெக்ரேற்றர்' இதழில் கத்தரிக்கோலின் ஆட்சியைக் கண்டித்தார். அடுத்த ஆண்டில் 'கார்டியன்' இதழில் அலெக்சாண்டர் போப் செடிகளை மனிதராகவும் விலங்குகளாகவும் வெட்டும் வழக்கத்தை எள்ளி நகையாடினார்.

அடிசனுடைய கட்டுரையில் ஒரு கருத்து மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் தமது நிலம் முழுவதையுமே ஒரு பூங்காவாக மாற்றலாம் என்றும், அதனால் இன்பத்தோடு இலாபமும் குறையாது என்றும் அவர் கூறினார். புதிய பூங்காவின் முதற் கொள்கையுரையிலேயே அழகும் வருவாயும் ஒருங்கே பேசப்படுகின்றன. இயற்கை என்ற சொல் வழங்கிய இடத்தில் உடைமை என்ற சொல்லும் உடனிருந்தது.

இக்கருத்துகளுக்கு வடிவம் தந்த இடங்களுள் பக்கிங்ஹாம்சயர் மாவட்டத்து ஸ்ரோ மிக முக்கியமானது. அதன் உடைமையாளரான கோபம் பிரபு விக் கட்சியைச் சார்ந்தவர். 1733இல் தீர்வை மசோதா தொடர்பாக அவர் முதலமைச்சர் றொபேட் வோல்போலுடன் முரண்பட்டு எதிரணியில் சேர்ந்தார். அதன் பின்னர் வில்லியம் கென்ற் அங்கு அமைத்த பகுதி ஓர் அரசியல் நூலெனவே வாசிக்கத்தக்கது. பண்டைய அறத்தின் கோயில் முழுமையான கட்டடமாக நின்றது. அதனருகே இக்கால அறத்தின் கோயில் சிதைவாகவே கட்டப்பட்டது. அச்சிதைவில் தலையற்ற உருவமொன்று நின்றது. அது வோல்போலையே குறித்தது என்பர். சிற்றாற்றின் மறுகரையில் பிரித்தானியப் பெருமக்கள் 16 பேரின் மார்பளவுச் சிலைகள் வைக்கப்பட்டன. அவர்களுள் அல்பிரட் மன்னன், மில்ற்றன், லொக், நியூற்றன் ஆகியோர் இடம்பெற்றனர். பூங்காவில் உலாவுவதே அரசியல் கல்வியாயிற்று.

மறைந்த வேலி

புதிய பூங்காவைச் சாத்தியமாக்கிய தொழில்நுட்பம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை 'ஹா-ஹா' என வழங்கினர். பூங்காவின் எல்லையில் ஆழமான பள்ளம் வெட்டப்படும். அதன் உட்பக்கம் செங்குத்தான மதிலாகக் கட்டப்படும். வெளிப்பக்கம் சரிவான புற்றரையாக விடப்படும். மதிலின் உச்சி பூங்காத் தரையின் மட்டத்திலேயே இருத்தலால் மாளிகையிலிருந்து பார்ப்பவர்க்கு எல்லை தோன்றாது. வீட்டு வாயிலிலிருந்து தொலைமேடு வரை ஒரே பசுமையாகத் தோன்றும். வெளியே மேயும் மாடோ ஆடோ உள்ளே ஏறி வரவும் இயலாது. அருகே வந்த பின்னரே பள்ளத்தைக் கண்டு வியப்பவர் எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று என்பர்.

இவ்வமைப்பு ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு அன்று. 1709இல் பிரான்சில் வெளிவந்த தெசாலியே தார்ஜன்வில்லின் பூங்கா நூலிலேயே அது விளக்கப்பட்டது. 1712இல் ஜோன் ஜேம்ஸ் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சாள்ஸ் பிறிட்ஜ்மன் ஸ்ரோவிலும் பிறவிடங்களிலும் அதனைப் பெருமளவிற் கையாண்டார். பிரெஞ்சுக் கொடுங்கோன்மைக்கு மாற்றெனப் போற்றப்பட்ட பூங்கா, தன் முதன்மையான உத்தியைப் பிரெஞ்சு நூலொன்றில் காண்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

கலை நோக்கில் இதனால் விளைந்த பயன் பெரிது. இத்தாலியில் பத்தாண்டுகள் தங்கி ஓவியம் பயின்று 1719இல் மீண்ட கென்ற், பூங்காவுக்கு அப்பாலிருந்த வயலையும் ஓடையையும் ஓவியத்தின் பின்புலமாகக் கொண்டு முன்புலத்தை அமைத்தார். 1738ஆம் ஆண்டு முதல் அவர் உருவாக்கிய றூஷம் பூங்காவில் இன்றும் இதனைக் காணலாம். கென்றின் தகுதியை எடுத்துரைத்தவர் ஹொரேஸ் வோல்போல். முதலமைச்சர் வோல்போலின் மகனான இவர் எழுதிய பூங்காக் கலை வரலாறு 1780இல் வெளிவந்தது. பூங்காவின் எல்லையைத் தாண்டி நோக்கியவர் கென்றே என்று போற்றிய அந்நூல், பின்வந்த வரலாறுகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

ஆயினும் எல்லை தாண்டப்பட்டது கண்ணால் மட்டுமே. காலால் தாண்டுவது முன்னிலும் கடினமாயிற்று. 1604ஆம் ஆண்டுக்கும் 1914ஆம் ஆண்டுக்கும் இடையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நில அடைப்புச் சட்டங்கள் 5,200க்கும் மேற்பட்டவை. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இச்சட்டங்களுட் பெரும்பாலானவை 1750ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. ஊர்ப் பொதுநிலத்தில் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உழவருக்கு வழிவழியாக இருந்த உரிமைகள் அவற்றால் ஒழிந்தன. ஒவ்வொரு பூங்காவும் அடைப்புச் சட்டத்தினால் எழுந்ததெனக் கூறுவது மிகையாகும். ஆயின் வயல்வெளி எங்கும் புதிய வேலிகள் எழுந்துகொண்டிருந்த அதே தலைமுறையில், வேலியே இல்லாதது போன்ற தோற்றம் மாளிகைகளைச் சூழ எழுந்தமை தற்செயலன்று.

1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டமும் ஈண்டு கருதத்தக்கது. முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் மான்களை வேட்டையாடியோரை ஒடுக்கும் நோக்குடன் எழுந்த அச்சட்டம், ஏறத்தாழ 50 குற்றங்களுக்கு மரண தண்டனை விதித்தது. மீன் குளத்தின் கரையை உடைத்தலும், அழகுக்காக நடப்பட்ட மரத்தை வெட்டி அழித்தலும் அக்குற்றங்களுள் அடங்கின. 1975இல் வெளியிட்ட 'விக்குகளும் வேட்டைக்காரரும்' என்ற நூலில் ஈ. பி. தொம்சன் இச்சட்டத்தின் வர்க்க அடிப்படையை விரிவாக ஆராய்ந்துள்ளார். சுதந்திரத்தின் சின்னமாக நின்ற மரத்தைத் தூக்குமரம் காத்து நின்றது. அச்சட்டத்தின் பெரும்பகுதி 1823இலேயே நீக்கப்பட்டது.

பிறவுண் சமைத்த இயற்கை

இப்பூங்காவை நாடெங்கும் பரப்பியவர் லான்சலொற் பிறவுண். இவர் 1716இல் நோதம்பலன்ட் மாவட்டத்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். 1741இல் ஸ்ரோவின் தலைமைத் தோட்டக்காரரானார். 1751இல் தனித்துத் தொழில் தொடங்கினார். 1783இல் இறக்கும்வரை 170க்கும் மேற்பட்ட பூங்காக்களில் அவரது கை பட்டது. நிலத்தைப் பார்வையிட்டதும் அதனிடம் நல்ல வாய்ப்புகள் உள்ளன என்று உடைமையாளரிடம் கூறுவது அவர் வழக்கம். அவ்வழக்கே அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

பிறவுண் கோயில்களையும் சிலைகளையும் குறைத்து, நீர், புல், மரம் ஆகிய மூன்றையுமே பெரிதும் நம்பினார். 1764ஆம் ஆண்டு தொடங்கி பிளெனிம் மாளிகையில் அவர் செய்த வேலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குக் கட்டடக் கலைஞர் வான்புறூ அமைத்த மாபெரும் பாலத்தின் கீழே ஒரு சிற்றோடையே ஓடியது. பிறவுண் கிளைம் ஆற்றுக்கு அணை கட்டினார். பாலத்தின் கீழறைகள் நீரில் மூழ்கின. பாலத்தின் பருமனுக்கு ஏற்ற ஏரி உண்டாயிற்று. இன்று அதனைக் காண்போர் ஏரி என்றும் அங்கே இருந்ததெனவும், பாலமே பின்னர் வந்ததெனவும் எண்ணுவர்.

இத்தகைய இயற்கை எவ்வளவு உழைப்பால் ஆனது என்பதற்கு ஸ்ரோவின் கிரேக்கப் பள்ளத்தாக்குச் சான்று பகரும். பிறவுண் அங்குப் பணிபுரிந்த 1740களில், ஏறத்தாழ 23,500 கன யார் மண் மண்வெட்டியாலும் கைவண்டியாலும் அகழ்ந்து அகற்றப்பட்டது. இயந்திரம் வராத காலத்தில் அம்மண் முழுவதும் மனிதர் முதுகின் வலிமையால் நகர்ந்தது. வேர்செயில்சில் உழைப்பு தன்னைக் காட்டிக்கொண்டது. கத்தரித்த ஒவ்வொரு செடியும் ஒரு தோட்டக்காரனுக்குச் சாட்சியாக நின்றது. பிறவுணின் பூங்காவிலோ வேலை நிறைவுற்றமைக்கு அடையாளமே வேலை செய்யப்பட்டதாகத் தோன்றாமைதான். உழைத்தவனைக் காட்சியிலிருந்து நீக்குவது அக்கலையின் இலக்கணமாயிற்று. நாட்டுப்புறத்தை வெறும் காட்சியாகக் காண்பதற்கு அங்கு உழைப்போரிடமிருந்து பார்வையாளன் விலகி நிற்கவேண்டியுள்ளது என்பதை 'நாடும் நகரமும்' என்ற 1973ஆம் ஆண்டு நூலில் றேமன்ட் வில்லியம்ஸ் எடுத்துக் காட்டினார். பிறவுணின் கலைக்கு அக்கூற்று மிகப் பொருந்தும்.

பூங்காவுக்கான பணம் வந்த வழியும் காட்சியில் இல்லை. யோர்க்சயரில் 1770களில் பிறவுண் ஏரியமைத்த ஹேர்வுட், லாசெல்ஸ் குடும்பத்தின் உடைமை. அக்குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சீனியிலிருந்தும் அடிமை வாணிகத்திலிருந்தும் வந்தது. சரே மாவட்டத்துக் கிளெயர்மொன்றில் அவர் மாளிகை எழுப்பியது, வங்காளத்திற் பெரும்பொருள் ஈட்டி மீண்ட றொபேட் கிளைவுக்காகவாகும். தனது பராமரிப்பிலுள்ள மாளிகைகளுள் 93க்கு அடிமைமுறையோடும் குடியேற்ற ஆட்சியோடும் உள்ள தொடர்புகளை இங்கிலாந்தின் தேசிய நம்பிக்கைப் பொறுப்பகம் 2020இல் அறிக்கையாக வெளியிட்டபோது, அங்குப் பெரும் வாதம் மூண்டது. புல்வெளியின் அமைதியைக் குலைத்ததாகவே பலர் அதனைக் கருதினர்.

அகற்றப்பட்ட ஊர்கள்

வேலியையும் உழைப்பையும் மறைத்த கலை, சிலவிடங்களில் ஊர்களையே மறைத்தது. ஸ்ரோ மாளிகையருகே ஒரு சிற்றூர் இருந்தது. பூங்கா விரிய விரிய ஊர் அகன்றது. நடுக்காலத் தேவாலயம் ஒன்றே எஞ்சியது. மரங்கள் அதனைச் சூழ்ந்து மறைத்துள்ளமையால், சிலைகளையும் கோயில்களையும் காண வருவோர் பலர் அதனைக் கவனியாதே செல்கின்றனர்.

ஒக்ஸ்போட் அருகேயுள்ள நியூனம் கோட்னியில் ஹார்கோட் பிரபு 1760ஆம் ஆண்டையொட்டி ஊர் முழுவதையும் பெயர்த்து, பெருந்தெருவின் இருமருங்கும் ஒரே மாதிரியான குடிசைகளிற் குடியேற்றினார். பழைய தேவாலயம் இடிக்கப்பட்டு, 1764இல் கிரேக்கக் கோயிலின் தோற்றத்தில் புதியதொன்று எழுந்தது; வழிபாட்டிடமும் பூங்காவின் அணிகலனாயிற்று. நீங்க விரும்பாத முதியவள் ஒருத்தி மட்டும் தன் குடிசையில் தொடர்ந்து வாழ அனுமதிக்கப்பட்டாள். அரசவைக் கவிஞரான வில்லியம் வைட்ஹெட் ஊர் பெயர்ந்ததைப் பொருளாகக் கொண்டு கவிதையே எழுதினார்.

ஒலிவர் கோல்ட்சிமித் 1770இல் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்னும் கவிதை நியூனம் கோட்னியை மனத்திற் கொண்டே எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதிலும் தனித்து எஞ்சிய கைம்பெண் ஒருத்தி வருகிறாள். ஊர்கள் வெறுமையாகின்றன என்பது கவிஞனின் கற்பனையே எனச் சிலர் கூறக்கூடும் என அவர் எதிர்பார்த்திருந்தார். ஆதலின், நான்கைந்து ஆண்டுகளாக நாட்டுப்புறப் பயணங்களில் தாம் நேரிற் கண்டறிந்தே எழுதியதாக முகவுரையில் வலியுறுத்தினார். பூங்காவின் அழகு ஓங்கி நின்ற காலத்திலேயே அதன் விலையைக் கேட்ட குரலாக அக்கவிதை அமைந்தது.

டோசெற் மாவட்டத்து மில்ற்றன் அபஸ் இன்னும் துலக்கமான சான்றாகும். அது கடைகளும் பாடசாலையும் கொண்ட ஒரு சந்தை நகரம். ஜோசப் டேமர் என்ற மில்ற்றன் பிரபுவுக்கு அந்நகரம் மாளிகையின் பார்வைக்கு இடையூறாயிற்று. குத்தகைகள் முடிய முடிய வீடுகள் இடிக்கப்பட்டன. 1780ஆம் ஆண்டளவில் பள்ளத்தாக்கொன்றினுள், மாளிகையிலிருந்து காண முடியாத இடத்தில், புதிய கிராமம் எழுந்தது. அதன் அமைப்பில் பிறவுணும் வில்லியம் சேம்பர்சும் பங்குகொண்டனர். ஓலைக்கூரை வேய்ந்த வெண்ணிறக் குடிசைகள், ஒவ்வொன்றும் இரு குடும்பங்களுக்கென, சம இடைவெளியில் அமைக்கப்பட்டன. இன்று அது இங்கிலாந்தின் அழகிய கிராமங்களுள் ஒன்றெனப் பயணிகளால் போற்றப்படுகிறது. நகரம் இருந்த இடம் புற்றரையாகியுள்ளது.

புதிய குடிசைகள் பழையனவற்றினும் உறுதியானவை எனப் பிரபுக்களுக்காக வாதிடுவோர் உளர். அது பல இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் வீடு நல்லதா என்பது ஒரு வினா. எங்கே வாழ்வது என்பதை யார் முடிவுசெய்வது என்பது வேறொரு வினா. நியூனம் கோட்னியிலும் மில்ற்றன் அபசிலும் இரண்டாம் வினாவுக்குரிய விடை மாளிகைச் சாளரத்தின் பார்வைக் கோட்டிலேயே இருந்தது.

மாளிகையிலிருந்து மக்களிடம்

பிறவுணின் காலத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. சேம்பர்ஸ் 1772இல் எழுதிய கீழைத்தேயப் பூங்காக்கள் பற்றிய நூலில், புதிய பூங்காவுக்கும் சாதாரண வயலுக்கும் வேறுபாடில்லை என ஏளனம் செய்தார். 1794இல் யுவடேல் பிறைசும் றிச்சட் பெயின் நைற்றும், பிறவுணின் வழுவழுப்பில் இயற்கையின் கரடுமுரடு இல்லை என வாதிட்டனர். அவரது மரபைத் தொடர்ந்த ஹம்பிறி றெப்ரன், சிவப்பு அட்டையிட்ட ஏடுகளில் நிலத்தின் முன்னைய தோற்றத்தையும் பின்னைய தோற்றத்தையும் மடிப்புத் தாள்களால் மாறிமாறிக் காட்டினார். மாளிகையருகே பூப்பாத்திகளையும் மேடைகளையும் அவரே மீட்டும் கொண்டுவந்தார்.

இதற்கிடையில் இப்பாணி ஐரோப்பாவெங்கும் பரவியது. ஜேர்மனியில் வோர்லிற்சும், உருசியாவில் கதரீன் அரசியின் சார்ஸ்கொயே சேலோவும், பிரான்சில் ரூசோவின் உடல் 1778இல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட எர்மனொன்வில்லும் அதன் வழிவந்தவையே. வேர்செயில்சின் எல்லைக்குள்ளேயே மாரி அந்துவானெற் அரசி தனக்கென ஓர் ஆங்கிலப் பூங்காவை அமைத்தாள். முடியாட்சிக்கு மாற்றாகப் பிறந்த வடிவம் முடியாட்சியின் விளையாட்டுப் பொருளுமாயிற்று. வடிவம் ஒன்றுக்கு நிலையான அரசியல் இல்லை. அதனை உடைமையாகக் கொண்டோரே அதற்குப் பொருள் தருகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

அவ்வுண்மையே மறுதிசையிலும் செயற்பட்டது. 1789இல் மியூனிச்சில் மக்களுக்கென ஆங்கிலப் பூங்கா தொடங்கப்பட்டது. 1847இல் பேர்க்கன்ஹெட் நகரில், ஜோசப் பக்ஸ்ரன் அமைத்த பூங்கா பொதுப்பணத்தில் உருவாகி எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 1850இல் அதனைக் கண்டு வியந்த பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்ரெட், 1858இல் கல்வேர் வோக்சுடன் சேர்ந்து நியூயோர்க்கின் சென்றல் பார்க்குக்கு வரைபடம் வகுத்தார். பிரபுவின் தனிக்காட்சி தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை ஓய்விடமாயிற்று. இது சிறிய மாற்றமன்று.

எனினும் பழைய வழக்கம் புதிய உலகிலும் தொடர்ந்தது. சென்றல் பார்க்குக்கான நிலத்தில் செனெக்கா கிராமம் என்ற குடியிருப்பு இருந்தது. 1825இல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி அமைத்த அதில் 225 பேரளவில் வாழ்ந்தனர். தேவாலயங்களும் பாடசாலையும் இருந்தன. 1857இல் அது முற்றாக அகற்றப்பட்டது. பூங்காவைக் குறுக்கே கடக்கும் நகரத் தெருக்கள் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்தப்பட்டு, உலாவுவோர் கண்ணுக்கு வண்டிகள் தோன்றாதவாறு அமைக்கப்பட்டன. பிறிட்ஜ்மனின் பள்ளம் வேறு உருவில் மீண்டும் வந்தது.

நமது நாட்டிலும் இம்மரபின் கிளையொன்று உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகே இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கி, 2003இல் இறக்கும் வரை அதனை லுணுகங்கைப் பூங்காவாக உருவாக்கினார். ஏரிக் காட்சிக்காகக் குன்றின் உச்சியே தாழ்த்தப்பட்டது. ஆங்கில, இத்தாலியப் பூங்காக்களை அறிந்த ஒருவர் வெப்பவலயச் செடிகொடிகளிடையே ஆக்கிய இவ்விடத்தைக் காண்போர்க்கும், குன்று இயல்பாகவே அவ்வாறு அமைந்ததெனத் தோன்றும்.

இதுகாறும் நோக்கியவற்றால் இப்பூங்காக்களின் அழகு பொய்யானது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். நீரும் நிழலும் பசுமையும் தரும் ஆறுதல் உண்மையானது. அதனாலேயே தொழிலாளர் நகரங்கள் அதனைத் தமக்கென வேண்டிப் பெற்றன. ஆயின் 'இயற்கை' என்ற சொல் இவ்வரலாறு நெடுகிலும் ஒரு வேலையைச் செய்துள்ளது. ஒரு நிலம் என்றும் இவ்வாறே இருந்தது என்று அது கூறும்போது, அந்நிலத்தில் முன்னர் யார் உழுதனர், யார் மேய்த்தனர், யார் வாழ்ந்தனர் என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. வேர்செயில்ஸ் தன்னை ஆக்கிய அதிகாரத்தை வெளிப்படையாகக் காட்டி நின்றது. அதனாலேயே அதனை எதிர்ப்பதும் எளிதாயிருந்தது. ஆங்கிலப் பூங்கா தன் அதிகாரத்தை நிலத்தின் இயல்பாகவே காட்டியது. அவ்வகையில் அது இரண்டினுள் வலிமை மிக்கதாகும். மனிதர் இல்லாத அழகிய நிலக்காட்சியைக் காணும் வரலாற்று மாணவன், அங்கு மனிதர் ஏன் இல்லை என்று கேட்கக் கடமைப்பட்டவன்.